ஐம்பதாயிரம் பவுண்டு செலவழித்தும் வால்போலால் ஒரு வாரப் பத்திரிகையை ஏன் மூட முடியவில்லை?

#1 மசிக்கறை

1742ல் பிரிட்டனின் முதல் பிரதமர் எனப்படும் சர் ராபர்ட் வால்போல் பதவி இறங்கிய கையோடு காமன்ஸ் சபை (நாடாளுமன்றக் கீழவை) ஒரு ரகசியக் குழுவைப் போட்டுக் கருவூலக் கணக்கைத் தோண்டியது. 1731 பிப்ரவரி முதல் 1741 பிப்ரவரி வரை பத்திரிகைகளுக்கும் அவற்றில் எழுதியவர்களுக்கும் போன தொகை 50,077 பவுண்டு 18 ஷில்லிங். இதில் வில்லியம் ஆர்னல் என்ற ஒருவர் பேரில் மட்டும் நாலு வருடத்தில் சுமார் 11,000 பவுண்டு.

இவ்வளவும் முக்கியமாக ஒரே ஒரு எதிரணித் தாளைச் சமாளிக்க. ‘கிராஃப்ட்ஸ்மேன்’ 1726 டிசம்பர் 5ல் தொடங்கியது. முதலில் திங்கள், வெள்ளிகளில் ஒரு கட்டுரைத் தாள். 1727 மே முதல் சனிக்கிழமை தோறும் நாலு பக்கம். ஆசிரியர் நிக்கலஸ் ஆம்ஹர்ஸ்ட், ‘கேலப் டான்வர்ஸ்’ என்ற கற்பனைக் கிழட்டு வக்கீலின் பெயரில் எழுதினார். பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேர்: எதிர்க்கட்சியான டோரிகளின் போலிங்புரோக், வால்போலின் சொந்தக் கட்சியான விக் கட்சியிலிருந்து முறைத்துக்கொண்டு வந்த வில்லியம் புல்ட்னி. ராஜத்துரோகப் பழியில் எல்லாம் பறிபோன போலிங்புரோக்குக்கு 1725ல் சொத்துரிமை திரும்பக் கிடைத்தது, பிரபுக்கள் சபை இருக்கை கிடைக்கவில்லை. சபையில் வாய் திறக்க முடியாதவர் தாளில் திறந்தார்.

கேள்வி இதுதான். கருவூலம், தபால், அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) எல்லாம் வால்போல் கையில். பிறகும் இந்தத் தாள் எப்படி ஓடியது? “பத்திரிகை சுதந்திரம் இருந்தது” என்ற பதில் வேண்டாம். 1695ல் லைசென்ஸ் சட்டம் காலாவதியானதில் முன்தணிக்கை போனது, அவ்வளவுதான். அச்சிட்ட பிறகு பிடிக்க எல்லா வழியும் இருந்தது. 1719ல் ஜான் மாத்யூஸ் என்ற, இருபது வயதுகூட நிரம்பாத அச்சகப் பையனை ஒரு துண்டுப் பிரசுரத்துக்காகத் தூக்கிலேயே போட்டார்கள்.

#2 குறுக்குவிசாரணை

மாத்யூஸை இதில் சேர்க்காதீர்கள். அவர் அச்சிட்டது அரியணை பழைய ராஜ வம்சமான ஸ்டூவர்ட் வாரிசுக்கே உரியது என்று சொன்ன பிரசுரம், அது ராஜத்துரோகம். கிராஃப்ட்ஸ்மேன் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. அதன் மேல் போடக்கூடியது அரசுக்கு எதிரான அவதூறு வழக்கு மட்டும். சிறை, அபராதம், மிஞ்சிப்போனால் கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டிச் சந்தையில் நிறுத்துவது.

அந்த வழக்கின் படிவத்தில்தான் ஓட்டை. கட்டுரையில் பெயர் வராது. ‘W’ போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள், அல்லது வோல்சி, செஜானஸ் என்று சரித்திரத்தில் கெட்ட பெயர் எடுத்த பழைய அமைச்சர்களைப் பற்றி எழுதுவார்கள். குற்றப்பத்திரத்தில் அரசுத் தரப்பு ஒவ்வொரு இடத்திலும் ‘இன்னுவெண்டோ’ என்று போட்டு, இது இன்னாரைக் குறிக்கிறது என்று நிரப்ப வேண்டும். (1733 வரை நீதிமன்ற ஆவணம் லத்தீனில். ‘குறிப்பால் உணர்த்துவதாவது’ என்பதுதான் அந்தச் சொல்.)

16ஆம் இதழை எடுங்கள், 1727 ஜனவரி 27. கேமிலிக் என்ற கீழைநாட்டான் கண்ட கனவு. சபைக்குள் ஒருவன் முரட்டு நடையில் நுழைகிறான், கையில் பொற்காசுப் பை, முகத்தில் ஏளனச் சிரிப்பு. லண்டனில் காபி குடிக்கும் எவனுக்கும் ஆள் யாரென்று தெரியும். ஆனால் வழக்குப் போட வேண்டுமென்றால் அட்டர்னி ஜெனரலே எழுந்து நின்று, “மை லார்ட், இந்தக் காசுப்பைக்காரன் எங்கள் அமைச்சர்தான்” என்று ஜூரியிடம் நிரூபிக்க வேண்டும். சிரிப்பு யார் பக்கம் போகும்?

1729ல் அச்சாளர் ரிச்சர்ட் ஃபிராங்க்லின் மேல் வழக்கு நடந்தது. அட்டர்னி ஜெனரல் சர் பிலிப் யார்க். லண்டன் நகர ஜூரி விடுதலை செய்தது. உடனே புல்ட்னி ஒரு பாட்டுக் கட்டினார்: சர் பிலிப்பின் இன்னுவெண்டோக்கள் இனிச் செல்லாது, பன்னிரண்டு நேர்மையான ஆட்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் உண்மைக்கும் நீதிபதிகள், சட்டத்துக்கும் நீதிபதிகள் என்று. வேடிக்கை என்னவென்றால், 55 வருடம் கழித்து, 1784ல், தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு இதே பாட்டை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டினார், ஆனால் தலைகீழாக: ஜூரி உண்மைக்கு மட்டும் நீதிபதி, சட்டத்துக்கு இல்லை என்று. அவருக்கு வசதியான ஞாபகம்.

ஜூரியின் கைக்கு எது வரும் என்பதே சண்டை. நீதிபதிகள் சொன்ன கணக்குப்படி ஜூரி பார்க்க வேண்டியது இரண்டு: இவர் வெளியிட்டாரா, இன்னுவெண்டோ பொருந்துகிறதா. அது அவதூறா என்பதை நீதிபதி சொல்வார். அதையும் ஜூரியிடமே விட்டு 1792ல் ஃபாக்ஸ் கொண்டுவந்த சட்டம் வரை இது இழுத்தது.

#3 மசிக்கறை

அப்படியென்றால் 1731ல் அதே ஃபிராங்க்லினுக்கு மட்டும் எப்படித் தண்டனை வாங்கிக் கொடுத்தார்கள்?

#4 குறுக்குவிசாரணை

ஜூரியை மாற்றி. 1730ல் ஜூரி ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன்படி ஏதாவது ஒரு தரப்பு கேட்டால் சிறப்பு ஜூரி உண்டு. 48 பேர் பட்டியல் எடுப்பார்கள். ஒவ்வொரு தரப்பும் 12 பேரை அடிக்கலாம். மிச்சம் 24லிருந்து 12. பட்டியலே வசதி படைத்தவர்கள் பட்டியல். கடைக்காரனும் கைவினைஞனும் ஆரம்பத்திலேயே கழன்றுவிடுவார்கள்.

வழக்குக்கான இதழ் 1731 ஜனவரி 2. ஹேக் நகரிலிருந்து வந்த கடிதம் என்று போட்டிருந்தார்கள். பிரான்ஸை விட்டுவிட்டு ஆஸ்திரியப் பேரரசரோடு பிரிட்டன் ரகசியமாகப் பேசுகிறது என்பது செய்தி. அது உண்மையும்கூட, அதே வருடம் வியன்னா உடன்படிக்கை கையெழுத்தானது. டிசம்பரில் விசாரணை. உண்மையை நிரூபிக்கிறோம் என்றது எதிர்த்தரப்பு. தலைமை நீதிபதி ரேமண்ட், உண்மையா பொய்யா என்பது இங்கே பொருட்டே இல்லை என்றார். ஒரு வருடச் சிறை, 100 பவுண்டு அபராதம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அட்டர்னி ஜெனரல் கிராண்ட் ஜூரியிடம் (வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று முதலில் பார்க்கும் ஜூரி) போகாமல் தானே நேரடியாகக் குற்றச்சாட்டுத் தாக்கல் செய்யலாம். செய்துவிட்டு விசாரணைக்கே கொண்டுவராமல் வருடக்கணக்கில் தொங்கவிடலாம். ஜாமீன், வக்கீல் செலவு, அமைச்சரின் தூதர்கள் வாரண்டோடு வந்து கட்டிக்கொண்டு போகும் காகிதம், எல்லாம் அச்சாளர் தலையில். தீர்ப்பைவிட இதுதான் பல சின்ன அச்சகங்களைத் தின்றது.

#5 ரீம்கணக்கு

சட்டம் பேசுகிறவர்கள் அச்சகத்தை மறந்துவிடுகிறீர்கள். கிராஃப்ட்ஸ்மேன் உச்சத்தில் வாரம் 10,000 பிரதி போனது என்று சொல்வார்கள். முடியுமா என்று போட்டுப் பார்ப்போம்.

மரத்தால் ஆன கைஅச்சு. இரண்டு ஆள். ஒருவர் கம்பளி அடைத்த தோல் பந்தால் மை தட்டுவார். இன்னொருவர் தாளை வைத்து, சட்டத்தை உள்ளே தள்ளி, கைப்பிடியை இழுப்பார். அழுத்தும் பலகை ஃபாரத்தின் (கோத்துப் பூட்டிய எழுத்துத் தொகுதியின்) பாதியைத்தான் மூடும் என்பதால் ஒரு பக்கத்துக்கு இரண்டு இழுப்பு. அச்சகத்தார் கணக்கு மணிக்கு 250 தாள், ஒரு பக்கம். நடப்பில் அதற்குக் கீழேதான் வரும். தாளை முன்கூட்டியே நனைத்து வைத்திருக்க வேண்டும், ஈரம் கூடினால் மை பரவும், குறைந்தால் எழுத்து பிடிக்காது.

பத்திரிகை அரைத் தாளில் நாலு பக்கம். நாலு பக்கத்தையும் ஒரே ஃபாரத்தில் பூட்டி, முழுத் தாளின் ஒரு முகத்தில் அடித்து, திருப்பி மறுமுகத்திலும் அதையே அடித்து, நடுவில் வெட்டினால் இரண்டு பிரதி. ஆக ஒரு பிரதிக்கு ஒரு அடி. 10,000 பிரதிக்கு 10,000 அடி, ஒரு அச்சில் இடைவிடாமல் 40 மணி நேரம். எழுத்தை இரண்டு தடவை கோத்து இரண்டு அச்சில் ஓட்டினால் 20. நாளிதழுக்கு இது நடக்காத காரியம். வாரப் பத்திரிகைக்கு நடக்கும், கடைசிப் பக்கச் செய்தியை வெள்ளிக்கிழமை வரை காத்திருந்து போடாமல் இருந்தால். அதனால்தான் முன்பக்கக் கட்டுரை எப்போதும் காலம் கடக்காத சரித்திர உவமையாக இருக்கும்: அது புதன்கிழமையே கோத்து வைக்கக்கூடியது. இது என் ஊகம்; ஆனால் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் பக்கம் நின்று பார்த்தால் வேறு மாதிரி தோன்றாது.

பணம்: 1712 ஆகஸ்ட் 1 முதல் முத்திரை வரி, அரைத் தாளுக்கு அரை பென்னி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஷில்லிங். 1725 வரை ஒரு தந்திரம் இருந்தது: ஒன்றரைத் தாளில் ஆறு பக்கம் அடித்து “இது செய்தித்தாள் இல்லை, சிறுநூல்” என்று பதிந்தால், பிரதிக்கு வரி இல்லை, பதிப்பு முழுதுக்கும் சேர்த்து, தாளுக்கு இரண்டு ஷில்லிங் வீதம் கட்டினால் போதும். 1725ல் அந்தக் கதவைச் சாத்தினார்கள். அதற்கப்புறம் வந்ததால் கிராஃப்ட்ஸ்மேனுக்கு அந்த வசதி கிடையாது.

10,000 பிரதிக்கு முத்திரை 20 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ். இதை முன்பணமாகக் கட்ட வேண்டும், ஏனென்றால் முத்திரை வெற்றுத் தாளில் குத்தி வாங்கி வருவது. அதாவது அச்சாளர் எத்தனை விற்கும் என்று முன்பே ஊகித்து வரி கட்டிவிடுகிறார். அரசுத் தூதர்கள் வந்து கட்டுக்கட்டாக எடுத்துப் போனால் தாள் மட்டுமல்ல, கட்டிய வரியும் சேர்ந்து போகிறது. பணக்காரப் புரவலர் இல்லாத ஒருவரால் இதைத் தாங்க முடியாது. முத்திரை வரி எதிர்ப்புப் பத்திரிகையைக் கொல்லவில்லை. தனியாள் பத்திரிகையைக் கொன்று, கட்சிப் பத்திரிகையை வளர்த்தது.

#6 தபால்வண்டி

கடைசி வரியில் ஒரு திருத்தம். வரி கட்டாத தாள்களும் ஓடின. தெருவில் கூவி விற்கிறவர்கள் கால் பென்னிக்கு விற்றார்கள். 1743ல்தான் அந்தக் கூவி விற்பவர்களையே பிடித்து மூன்று மாதம் வரை உள்ளே வைக்கவும், பிடித்துக் கொடுப்பவருக்கு 20 ஷில்லிங் கொடுக்கவும் சட்டம் வந்தது. அதுவரை அச்சாளரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கூடைக்காரியைப் பிடிப்பது சுலபம் என்று பிறகுதான் உறைத்தது.

என் விஷயம் தபால். லண்டனிலிருந்து உள்நாட்டுத் தபால் கிளம்புவது செவ்வாய், வியாழன், சனி இரவு. கிராஃப்ட்ஸ்மேன் சனிக்கிழமைத் தாள், அன்றிரவுத் தபாலில் ஏறும். பத்திரிகைகளை இலவசமாக அனுப்பும் உரிமை தபால் நிலையத்தின் ஆறு சாலை எழுத்தர்களுக்கு உண்டு, அது அவர்களுக்குப் பெரிய வருமானம். அரசுத் தாள்கள் அந்த வழியில் சும்மாவே ஊர் ஊராகப் போயின. கிராஃப்ட்ஸ்மேனைத் தபாலில் நிறுத்தவும் செய்தார்கள்.

ஆகவே 50,000 பவுண்டை “எழுத்தாளருக்கு லஞ்சம்” என்று மட்டும் படிக்காதீர்கள். ஆர்னலின் தொகையே அவர் எழுதிய அரசுத் தாளான ‘ஃபிரீ பிரிட்டன்’ பிரதிகளுக்கும் எழுத்துக்கும் சேர்த்துத்தான். அரசு தன் தாளைத் தானே மொத்தமாக வாங்கி, பாதிரியார், சுங்க அதிகாரி, காபிக்கடை என்று இலவசமாக இறைத்தது. 1735 ஜூன் 30ல் ‘லண்டன் ஜர்னல்’, ‘ஃபிரீ பிரிட்டன்’, ‘டெய்லி கூரன்ட்’ மூன்றையும் சேர்த்து ‘டெய்லி கெசட்டியர்’ ஆக்கினார்கள். ஓசியில் வரும் நாளிதழ். படித்துப் பாருங்கள், ஒரு வாரம் தாங்க மாட்டீர்கள்: சனிக்கிழமை கிராஃப்ட்ஸ்மேன் சொன்னதற்குத் திங்களிலிருந்து வெள்ளி வரை வரிவரியாக மறுப்பு. எதிரி எழுதாவிட்டால் இவர்களுக்கு எழுத விஷயமே இல்லை.

#7 மசிக்கறை

லண்டன் ஜர்னல் கதை இதற்கு இன்னும் நல்ல உதாரணம். தென்கடல் கம்பெனிக் குமிழி உடைந்து பங்கு விலை சரிந்த 1720ல், ‘கேட்டோ’ என்ற பெயரில் டிரெஞ்சார்டும் கார்டனும் அதில் எழுதிய கடிதங்கள் தீயாய்ப் பரவின. 1722ல் அரசு உரிமையாளரை விலைக்கு வாங்கியது. தாள் அதே தாள், பெயர் அதே பெயர், வாசகர்கள் கழன்றுகொண்டார்கள். கேட்டோ வேறு தாளுக்குப் போய் எழுதினார். வாங்கியது தலைப்பை மட்டும்.

#8 கொடிக்கால்

எல்லோரும் தற்காப்பைப் பேசுகிறீர்கள், அது அடித்த அடியைச் சொல்லவில்லையே. 1733 எக்சைஸ் (உள்நாட்டுச் சரக்கு வரி) விவகாரம்.

வால்போலின் திட்டம் உண்மையில் புத்திசாலித்தனமானது. புகையிலைக்கும் ஒயினுக்கும் துறைமுகத்தில் வாங்கும் சுங்கத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, சரக்கைக் கிடங்கில் பூட்டி, விற்பனைக்கு வெளியே எடுக்கும்போது உள்நாட்டு வரி. கடத்தல் குறையும், நிலவரியும் குறையும். சிக்கல் ஒன்று: எக்சைஸ் அதிகாரி கிடங்கையும் கடையையும் சோதனையிடலாம்.

மசோதா வருவதற்கு மாதங்கள் முன்பே, 1732 இலையுதிர் காலத்திலேயே, கிராஃப்ட்ஸ்மேன் பிடித்துக்கொண்டது. புகையிலை, ஒயின் என்ற பேச்சே இல்லை. ரொட்டிக்கும் இறைச்சிக்கும் வரி வரும், அதிகாரி வீட்டுக்குள் வருவான், பிரான்ஸ்காரன் போல மரச்செருப்புப் போட வேண்டிவரும். அதற்குச் சற்று முன்தான் உப்பு வரியைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள், அதனால் பயம் பற்றிக்கொண்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொகுதிகள் தங்கள் உறுப்பினர்களுக்கு “எதிர்த்து ஓட்டுப் போடு” என்று எழுத்தில் உத்தரவு அனுப்பின. மார்ச் 14 அன்று 61 ஓட்டு வித்தியாசத்தில் இருந்த அரசுப் பெரும்பான்மை, ஏப்ரல் 10ல் லண்டன் நகர மனு மேல் நடந்த வாக்கெடுப்பில் பதினேழாகச் சுருங்கியது. மறுநாள் மசோதா கைவிடப்பட்டது.

#9 ரீம்கணக்கு

அண்ணே, அது வெற்றிதான், ஆனால் பொய்யால் வந்த வெற்றி என்பதையும் சொல்லுங்கள். எல்லாச் சரக்குக்கும் பொது எக்சைஸ் என்று ஒன்று மசோதாவில் கிடையவே கிடையாது. இன்றைக்குப் போலிங்புரோக்கைப் பெரிய சுதந்திரப் போராளியாகக் காட்டுகிறவர்கள் இந்த இடத்தில் மெல்லத் தாண்டிப் போவார்கள். இதே போலிங்புரோக் அமைச்சராக இருந்தபோதுதான் 1712 முத்திரை வரி வந்தது!

தவிர, 1734 தேர்தலில் வால்போல் மறுபடி ஜெயித்தார். ஓட்டுரிமை குறைவு, சின்னச் சின்ன போரோக்கள் (நகரத் தொகுதிகள்) கருவூலத்தின் கைக்குள். ஒரு மசோதாவைத் தாள் சாய்க்கலாம், நூற்றுக்கணக்கான இருக்கையைச் சாய்க்க முடியாது. போலிங்புரோக்கே வெறுத்துப்போய் 1735ல் பிரான்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

#10 கொடிக்கால்

தம்பி, பொய் என்றே வைத்துக்கொள்வோம். சோதனை அதிகாரம் பொய்யில்லையே? முப்பது வருடம் கழித்தும் அந்தப் பயம் தேய்ந்துபோகவில்லை. 1763ல் அரசை எதிர்த்த ஜான் வில்க்ஸின் ‘நார்த் பிரிட்டன்’ பத்திரிகை 45ஆம் இதழ் வேட்டையில் பெயர் குறிப்பிடாத வாரண்டை வைத்து 49 பேரைப் பிடித்தார்கள். பிடிபட்ட அச்சுத் தொழிலாளி ஹக்கிளை ஆறு மணி நேரம்தான் வைத்திருந்தார்கள், மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து நன்றாகவே கவனித்தார்கள். ஆனாலும் ஜூரி 300 பவுண்டு நஷ்டஈடு தீட்டியது. வாரக்கூலிக்காரன் ஒருவனின் ஆறு மணி நேரத்துக்கு 300 பவுண்டு! அந்த ஜூரிக்காரர்கள் எக்சைஸ் கூச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

#11 பழுப்புத்தாள்

மூல இதழ்களைப் படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய கணக்கில் ஆண்டு மார்ச் 25ல் பிறக்கும், 1752 மாற்றம் வரை. ஜனவரி, பிப்ரவரி இதழ்களில் முந்தைய ஆண்டு போட்டிருக்கலாம். ஹேக் கடித இதழை 1730 என்று எழுதி, வழக்கு இரண்டு வருடம் இழுத்தது என்று கணக்குப் போட்ட கட்டுரைகள் உண்டு. உண்மையில் பதினொரு மாதம்.

இரண்டாவது, ஃபிராங்க்லின் போட்ட 14 தொகுதி மறுபதிப்பை நம்பி “பத்திரிகை எப்படி இருந்தது” என்று சொல்லாதீர்கள். அதில் கட்டுரைகள் மட்டுமே. செய்தி, விளம்பரம், மூலையில் குத்திய முத்திரை எதுவும் இல்லை. தத்துவப் புத்தகம் போலத் தெரியும். அசலில் அதே கட்டுரைக்குப் பின்னால் திருட்டுப்போன குதிரை அறிவிப்பும் மருந்து விளம்பரமும்தான் இருக்கும்.

#12 ஆற்காட்டுச்சாலை

வால்போலோடு இந்தப் பழக்கம் முடியவில்லை. கொஞ்சம் பின்னால் போனால் நம்மூர்க் காசே அங்கே புரண்டது. பிரதமர் நார்த் பிரபுவின் அரசுக்குப் பத்திரிகை வேலை பார்த்த ஜேம்ஸ் மக்பெர்சன், ‘ஒசியன்’ கவிதை சர்ச்சைக்காரர், ஆற்காடு நவாப் முகமது அலியின் லண்டன் ஏஜென்டும்கூட. 1780ல் காமன்ஸ் சபை உறுப்பினரும் ஆனார். 1776 ஆகஸ்டில் சென்னையில் கவர்னர் பிகாட்டை அவருடைய கவுன்சில்காரர்களே சிறைபிடித்தார்கள். தஞ்சாவூரைத் துளஜாஜி ராஜாவுக்குத் திருப்பிக் கொடுத்த தகராறு. அடுத்த வருடம் லண்டனில் நவாப் தரப்பு, தஞ்சாவூர் தரப்பு என்று பிரசுரச் சண்டை. 1785 பிப்ரவரி 28ல் நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்ட் பர்க் பேசிய பேச்சுக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

#13 மசிக்கறை

அருமை, அதற்குத் தனி இழை போடுங்கள்.

என் கேள்விக்கு வருகிறேன். பணம் எங்கே போனது என்பதில் இன்னொரு ஆள்: கருவூல சொலிசிட்டர் (சட்ட அலுவலர்) நிக்கலஸ் பாக்ஸ்டன். பத்திரிகைகளைப் படித்து எதில் வழக்குப் போடலாம் என்று சொல்வதும் அவர், பணம் பட்டுவாடா செய்ததும் அவர். 1742 குழு முன்னால் வாயே திறக்கவில்லை. நியூகேட் சிறைக்குப் போனார், அப்போதும் திறக்கவில்லை. அதனால் 50,077 என்பது காகிதத்தில் சிக்கியது மட்டும்தான்.

#14 குறுக்குவிசாரணை

சிறை போனவர்கள் கணக்கில் ஹென்றி ஹெயின்ஸையும் சேருங்கள். ஃபிராங்க்லினுக்குப் பிறகு அச்சாளராகப் பெயர் போட்டவர் அவர். 1737ல் நாடக முன்தணிக்கைச் சட்டம் வந்ததும், ஜூலை 2 இதழில் ஒரு கிண்டல் கடிதம்: பழைய நாடகங்களையும் தணிக்கை செய்ய வேண்டாமா, ஷேக்ஸ்பியரில் ராஜாவைக் குறைசொல்லும் இந்த வரிகளைப் பாருங்கள் என்று வரிசையாக எடுத்துப் போட்டது. எழுதியவர்கள் வெளியே இருந்தார்கள், ஹெயின்ஸ் ஒரு வருடம் உள்ளே. தன்னை அம்போவென்று விட்டுவிட்டார்கள் என்று பிறகு ஒரு பிரசுரமே போட்டார்.

#15 கொடிக்கால்

எழுதியவர்கள் எல்லாரும் தப்பிக்கவில்லை. வால்போல் விழுந்ததும் புல்ட்னி சமரசம் பேசி பாத் பிரபு ஆனார். பதினைந்து வருடம் அவருக்காக எழுதிய ஆம்ஹர்ஸ்டுக்கு ஒரு பதவியும் தரவில்லை. அதே 1742 ஏப்ரலில் டிவிக்கன்ஹாமில் ஆம்ஹர்ஸ்ட் இறந்தார். அடக்கச் செலவைக் கொடுத்தது ஃபிராங்க்லின்.